சிபியு 14 சதவீதம், ஜிபியு 55 சதவீதம்: இருந்தும் படம் ஏன் திக்குகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டச்டிசைனர் என்ற காட்சி மென்பொருளில் ஒரு நேரலைக் காட்சி செய்திருக்கிறீர்கள். கேமரா வழியாக ஆடுபவரின் அசைவு உள்ளே வருகிறது, இசைக்கு ஏற்பத் துகள்கள் நகர்கின்றன, இரண்டு புரொஜெக்டர்களுக்கு முழு ஹெச்டி படம் போகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டிய இடத்தில் 40, 45 என்று இறங்கிவிடுகிறது. இப்போதைய கணினியில் இருப்பது ஐ7-8700 ப்ராசஸரும் (சிபியு) ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராஃபிக்ஸ் கார்டும் (ஜிபியு). டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 14 சதவீதம், ஜிபியு 55 சதவீதம். மாற்றாக இரண்டு கணினிகளைப் பார்த்துவைத்திருக்கிறீர்கள். ஒன்றில் ரைசன் 9 7950எக்ஸ் உடன் ஆர்டிஎக்ஸ் 4060, மற்றதில் ரைசன் 5 7600எக்ஸ் உடன் ஆர்டிஎக்ஸ் 4070. பெஞ்ச்மார்க் பட்டியல்களில் முதல் ப்ராசஸரின் மதிப்பெண் இரண்டாவதைவிட இரு மடங்குக்கும் மேல். எது எத்தனை சதவீதம் வேகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனதில் உள்ள கேள்வி அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். இரண்டு பாகங்களுமே முழுதாக உழைக்காதபோது காட்சி ஏன் தடுமாறுகிறது? வாங்கப்போகும் கணினி அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்குமா? முதல் பாதிக்கு விடை தெரியாமல் இரண்டாம் பாதிக்கு யார் சதவீதம் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். பத்தாண்டுகளுக்கு மேலாக மேடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் இத்தகைய காட்சிகளை அமைத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், உங்கள் ஃபைலைப் பார்க்காமல் ஊகிப்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

நேரலைக் காட்சியில் வேகம் என்ற சொல்லுக்கே பொருள் வேறு. ஒரு வீடியோவை ரெண்டர் செய்து ஃபைலாக எடுப்பவருக்கு மொத்த வேலை எப்போது முடியும் என்பதே கணக்கு. இரண்டு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தால் அவருக்கு லாபம். நமக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கெடு இருக்கிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் கெடு 16.67 மில்லி விநாடி. அதற்குள் கேமராப் படத்தை வாங்கி, ஒலியை அலசி, துகள்களை நகர்த்தி, படத்தை வரைந்து முடித்தாக வேண்டும். 10 மில்லி விநாடியில் முடித்தாலும் 16இல் முடித்தாலும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். 18 ஆகிவிட்டால் புரொஜெக்டர் புதுப்பிக்கும் தருணம் தவறிப்போய், பழைய படமே இன்னொரு முறை திரையில் நிற்கும். மெதுவாக ஊர்ந்து செல்லும் ஒரு கோட்டில் அப்படி நடந்தால் கண் உடனே பிடித்துவிடும். ஆகவே சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மில்லி விநாடியில் யோசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் அந்த 14 சதவீதம். ஐ7-8700இல் 6 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 த்ரெட்கள் (வேலைச் சரடுகள்). டாஸ்க் மேனேஜர் காட்டுவது அந்த 12க்கும் சேர்த்த சராசரி. ஒரே ஒரு த்ரெட் மூச்சுவிடாமல் ஓடினால் அங்கே தெரிவது 8.3 சதவீதம்தான். உங்கள் 14 சதவீதம் என்பது ஏறக்குறைய 1.7 த்ரெட். ஒரு த்ரெட் முழுதாகத் திணறிக்கொண்டிருக்க, டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) கேமராவும் ஒலியும் மீதியை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்தால் கணக்கு பொருந்திவருகிறது. டச்டிசைனரில் ஒவ்வொரு நோடும் (ஒரு சிறு வேலையைச் செய்யும் பெட்டி) தன் விடையைக் கணக்கிடும் வேலையை 'குக்' என்பார்கள். அந்த வேலை பெரும்பாலும் ஒரே மைய த்ரெட்டில்தான் நடக்கிறது. பைத்தான் ஸ்கிரிப்ட்களும் அதே த்ரெட்டில்தான் ஓடும். இதில் சந்தேகமில்லை. டாஸ்க் மேனேஜரில் வரைபடத்தைக் கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் ஏமாற வாய்ப்புண்டு. விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்தக் கோரும் 100ஐத் தொடாமல் எல்லாமே அரைகுறையாக உழைப்பதுபோல் தெரியும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் த்ரெட் வாரியாகப் பாருங்கள். அங்கே ஒரு த்ரெட் 8 சதவீதத்தை ஒட்டியே அசையாமல் நின்றால் அது முழு மூச்சில் ஓடுகிறது என்று பொருள். ஒரு எச்சரிக்கை: சில டிரைவர்கள் கார்டின் விடைக்காகக் காத்திருக்கும்போதும் த்ரெட்டைச் சும்மா சுழலவிடும். ஆகையால் த்ரெட் நிரம்பியிருப்பது வலுவான தடயமே தவிர முடிந்த முடிவல்ல.

அடுத்து அந்த 55. இதுவும் பலரைத் தவறான பக்கம் இட்டுச்செல்லும் எண். டாஸ்க் மேனேஜர் காட்டுவதும் என்விடியாவின் சொந்தக் கருவி காட்டுவதும் நேரப் பங்கைத்தான். அளவெடுத்த நேரத்தில் எத்தனை பங்கு நேரம் ஏதோ ஒரு வேலை கார்டில் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். 1536 கோர்களில் எத்தனை கோர்கள் உண்மையில் உழைத்தன என்பது அதில் தெரியாது. சுமை குறைவாக இருந்தால் கார்டு தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த கடிகாரத்தில் தெரியும் 55, முழுக் கடிகாரத்தில் 35 ஆகக்கூட இருக்கலாம். இந்தக் குறைகளை ஒத்துக்கொண்டே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். விநாடிக்கு 43 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 23.3 மில்லி விநாடி. அதில் 55 சதவீதம் 12.8 மில்லி விநாடி. அதாவது கார்டின் பங்கு வேலை 16.67க்குள் அடங்கக்கூடியதே. தடை வேறெங்கோ இருக்கிறது, அல்லது இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

அந்த 'இடையில்' என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பாதித் தடுமாற்றங்கள் அங்கேதான் பிறந்தன. சிபியுவும் ஜிபியுவும் சித்தாளும் கொத்தனாரும் போல வேலை செய்கின்றன. கொத்தனார் முந்தைய சட்டிக் கலவையை வைத்துச் சுவர் எழுப்பும்போதே சித்தாள் அடுத்த சட்டிக்குக் கலவை குழைத்துவிடுவார். சித்தாளுக்கு 9 மில்லி விநாடியும் கொத்தனாருக்கு 11 மில்லி விநாடியும் பிடித்தால், இருவரும் ஒரே நேரத்தில் உழைப்பதால், ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் இரண்டில் பெரியது, அதாவது 11. இப்போது ஒவ்வொரு முறையும் கொத்தனார் சுவரை அளந்து சொன்ன பிறகுதான் சித்தாள் அடுத்த கலவையைத் தொடலாம் என்று ஒரு விதி போட்டால் என்ன ஆகும்? ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் கைகட்டி நிற்பார். நேரம் 9உம் 11உம் கூட்டி 20 ஆகிவிடும். அப்போது அளவுமானியில் கார்டு 55 சதவீதம் என்றுதான் காட்டும். இருவருமே பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள், வேலையோ தாமதமாகிறது. உங்கள் எண்களும் இதே சாயலில் இருப்பதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நடன நிகழ்ச்சியில் இதை நேரில் அனுபவித்தேன். ஆடுபவரின் உருவத்தைக் கேமரா பிடிக்கும். அந்தப் படத்தின் சராசரி வெளிச்சத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் அளந்து, அதற்கேற்பத் துகள்களின் நிறத்தை மாற்றும்படி அமைத்திருந்தோம். படம் இருப்பது கார்டின் நினைவகத்தில். நிறத்தை முடிவுசெய்யும் கணக்கு நடப்பதோ ப்ராசஸரில். ஆகவே ஒரே ஒரு பிக்சலாகச் சுருக்கிய படத்தைக் கார்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பிக்சல்தானே என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்த ஒரு பிக்சல் வந்து சேர, கார்டு அதுவரை கொடுத்த வேலை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். சிபியு 9, ஜிபியு 11, மொத்தம் 20. தடுமாறியது. அமைப்பாளர்கள் பெரிய கார்டு ஒன்றை வாங்கித் தந்தார்கள். ஜிபியு வேலை 6 ஆகக் குறைந்தது, மொத்தம் 15, ஒத்திகை சீராக ஓடியது. நிகழ்ச்சிக்கு முதல் நாள் மேடையின் பின்திரைக்கு இரண்டாவது புரொஜெக்டரைச் சேர்த்தோம். ஜிபியு வேலை 9 ஆனது, மொத்தம் 18, மறுபடியும் அதே திக்கல். நள்ளிரவில் நோடு நோடாக அணைத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பிக்சல் கண்ணில் பட்டது. படத்தை எண்ணாக மாற்றும் அந்த நோடில், விடையை உடனே கேட்காமல் அடுத்த ஃபிரேமில் வாங்கிக்கொள்ளும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதை மாற்றினேன். ஃபிரேம் நேரம் 10க்குக் கீழே வந்தது. நிறம் ஒரு ஃபிரேம் தாமதமாக மாறுகிறது என்பதை அரங்கில் எவரும் உணரவில்லை. பழைய கார்டே போதுமாக இருந்திருக்கும்.

உங்கள் கோப்பிலும் கேமரா இருக்கிறது, அசைவைப் பின்தொடரும் கணக்கு இருக்கிறது. எனவே கடையை நோக்கிப் போகும் முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். டாப் நோடுகள் (படங்களைக் கையாளும் நோடுகள்) எல்லாவற்றின் ரெசொல்யூஷனையும் பாதியாகக் குறையுங்கள். அகலம் பாதி, உயரம் பாதி என்றால் பிக்சல் எண்ணிக்கை கால்வாசி. ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி உயர்ந்தால் கார்டுதான் தடை. ஓரிரு ஃபிரேம் மட்டும் கூடினால் ப்ராசஸர் பக்கம் தடை. இது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும் பழைய சோதனை, இன்றும் இதைவிட நேர்மையானதை நான் பார்க்கவில்லை. அடுத்து, கார்டிலிருந்து ப்ராசஸருக்குப் படத்தைத் திருப்பி எடுக்கும் நோடுகளை எல்லாம் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். பிறகு மென்பொருளிலேயே உள்ள பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து ஒரு ஃபிரேமை அலசுங்கள். எந்த நோடு எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று பட்டியலாகக் கொடுக்கும். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் வேலை செய்பவர்களுக்கு இந்த வசதி இன்னும் எளிது. 'ஸ்டாட் யூனிட்' என்று கட்டளை கொடுத்தால் கேம் த்ரெட், டிரா த்ரெட், ஜிபியு மூன்றின் நேரமும் தனித்தனியாகத் திரையில் ஓடும், எது பெரிதோ அதுவே தடை. டச்டிசைனரில் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டாப் நோடுகளின் சிபியு நேரம் 0.05 என்று சின்னதாகத் தெரியும். அது வேலையைக் கார்டிடம் ஒப்படைக்க ஆன நேரம் மட்டுமே. கார்டு அதைச் செய்துமுடிக்க ஆன நேரம் தனியாக ஜிபியு நேரம் என்ற பெயரில் இருக்கும்.

பட்டியலின் உச்சியில் எது இருக்கும் என்று என்னால் பந்தயம் கட்ட முடியாது. அனுபவத்தில் அடிக்கடி கண்ட குற்றவாளிகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு அட்டவணையின் ஆயிரக்கணக்கான வரிசைகளைச் சுற்றிவரும் பைத்தான் ஸ்கிரிப்ட். மற்றொன்று, துகள்களை முப்பரிமாண வடிவங்களாக ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கும் முறை. அந்த வடிவ நோடுகள் ப்ராசஸரில் ஓடுபவை. 10,000 கன சதுரங்களைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு கன சதுரத்தின் எட்டு முனைகளையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ப்ராசஸர் கணக்கிட்டுக் கார்டுக்கு அனுப்ப வேண்டும். அதையே இன்ஸ்டன்சிங் முறையில் செய்தால் ஒரு கன சதுரத்தை ஒரே முறை அனுப்பிவிட்டு, அதை எங்கெங்கே வரைய வேண்டும் என்ற இடக்குறிப்பை மட்டும் தந்தால் போதும். துகள்களின் இடத்தையே ஒரு டெக்ஸ்சரில் (கார்டின் நினைவகத்தில் இருக்கும் படம்) பிக்சல் நிறங்களாக எழுதிவைத்து, கார்டிலேயே நகர்த்தினால் ப்ராசஸருக்கு அந்த வேலையே இல்லை. இரண்டு லட்சம் துகள்கள்கூட அப்போது பெரிய விஷயமல்ல. எந்தக் கணினியை வாங்கினாலும் இந்த ஒரு மாற்றம் தரும் அளவுக்கு வேகம் கிடைக்காது.

இப்போது ப்ராசஸர் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சினிபெஞ்ச் போன்ற சோதனைகள் ஒரு நிலைப்படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி எல்லாக் கோர்களுக்கும் பங்கிட்டுத் தருகின்றன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே 16 கோர்கள் 6 கோர்களை எளிதாக முந்திவிடும். அந்த மதிப்பெண் பொய்யில்லை. அது ரெண்டர் செய்பவருக்கான உண்மை. நம் நோடுகளோ ஒன்றன் விடைக்காக ஒன்று காத்திருப்பவை. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். ஒரு ஃபிரேமின் 14 மில்லி விநாடி சிபியு வேலையில் 11 வரிசையாகவே நடந்தாக வேண்டியது, 3 மட்டுமே பங்கிடக்கூடியது என்றால், கோர்களை எத்தனை கூட்டினாலும் 11க்குக் கீழே போகாது. ஒற்றைக் கோர் வேகத்தில் உங்கள் இரண்டு ப்ராசஸர்களும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே 2022இல் வந்த ஸென் 4 வடிவமைப்பு. உச்சக் கடிகாரம் ஒன்றுக்கு 5.7 கிகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 5.3. வித்தியாசம் ஏழெட்டு சதவீதம். 7950எக்ஸ் 64 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) என்று விளம்பரமாகும். ஆனால் அது இரண்டு சில்லுகளில் தலா 32 ஆகப் பிரிந்திருக்கிறது. 7600எக்ஸிலும் 32. ஒரு மைய த்ரெட் தன் சில்லில் காணும் கேஷ் இரண்டிலும் ஒன்றே. ஆகவே பெஞ்ச்மார்க் பட்டியலில் நீங்கள் பார்த்த இரு மடங்கு, மைய த்ரெட் தடையாக இருக்கும் காட்சியில் 15 மில்லி விநாடியை 14 ஆக்கும். அவ்வளவுதான். உங்கள் 8700 உச்சத்தில் 4.6 கிகாஹெர்ட்ஸ், அதுவும் பழைய வடிவமைப்பு. எனவே பழையதிலிருந்து இந்த இரண்டில் எதற்குப் போனாலும் மைய த்ரெட்டுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும் என்பது உறுதி. அது எத்தனை மில்லி விநாடி என்பது உங்கள் கோப்பைப் பொறுத்தது.

அதிகக் கோர்கள் பயனே தராது என்றும் சொல்லிவிட முடியாது. பல அடுக்கு ஹெச்.264 வீடியோக்களைப் ப்ராசஸரில் பிரித்து ஓட்டினால் அந்த வேலை தனித்தனி த்ரெட்களுக்குப் போகும், கோர்கள் பயன்படும். கேமராவிலிருந்து உடல் அசைவைக் கண்டறியும் கணக்கைத் தனி நிரலாக ஓட்டினாலும் அப்படியே. ஆனால் வீடியோ அடுக்குகளுக்கு அதைவிட நல்ல வழி ஹேப் அல்லது ரெசோலூமின் டிஎக்ஸ்வி போன்ற கோடெக்குகள் (வீடியோச் சுருக்க முறைகள்). அவற்றில் படம் கார்டுக்கே புரியும் சுருக்க வடிவில் இருப்பதால் ப்ராசஸர் பெரும்பாலும் தொடாமலே கார்டுக்கு அனுப்பிவிடும். சுமை ப்ராசஸரிலிருந்து டிஸ்க்குக்கு நகரும். சாதாரண ஹேப் ஒரு பிக்சலுக்கு அரை பைட், ஹேப் கியூ ஒரு பைட். 4கே வீடியோ ஒன்று ஹேப் கியூவில் 60 ஃபிரேம் ஓடினால் விநாடிக்கு 500 எம்பி நெருங்கும் (அதன்மேல் சேரும் இன்னொரு சுருக்கம் இதைக் கொஞ்சம் குறைக்கும்). சாட்டா எஸ்எஸ்டியின் மொத்த வேகமே 550 எம்பி அளவுதான். முழு ஹெச்டிக்கு அதில் கால் பங்கு போதும்.

கார்டு விஷயத்தில் ஒரே எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ ஏறக்குறைய 13 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் என்ற அளவு), 3070 ஏறக்குறைய 20. தாளில் ஒன்றரை மடங்கு. விளையாட்டுகளிலோ இரண்டும் தோளோடு தோள் நின்றன. கணக்கிடும் அலகுகளை எண்ணும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறியதும், 3070இன் நினைவக வேகம் விநாடிக்கு 448 ஜிபியாக, 2080 டிஐயின் 616ஐவிடக் குறைவாக இருந்ததும் முக்கியக் காரணங்கள். நம் வேலைக்கு நினைவக வேகம் இன்னும் முக்கியம். நோடு நோடாகப் படத்தைக் கடத்தும் மென்பொருளில் ஒவ்வொரு நோடும் முழுப் படத்தையும் நினைவகத்திலிருந்து படித்து, கொஞ்சம் கணக்குப் போட்டு, முழுப் படத்தையும் மறுபடி எழுதுகிறது. கணக்கு குறைவு, போக்குவரத்து அதிகம்.

உங்கள் காட்சியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு முழு ஹெச்டி திரைகள் சேர்ந்தால் 3840க்கு 1080, மொத்தம் 41.5 லட்சம் பிக்சல். வழக்கமான 8-பிட் வடிவில் ஒரு படம் 16.6 எம்பி. 32-பிட் ஃப்ளோட் வடிவில் அதே படம் 66.4 எம்பி. 60 நோடுகள் தொடராக இருந்து, எல்லாமே 32-பிட்டில் ஓடினால், படிக்கவும் எழுதவுமாக ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 8 ஜிபி நகர வேண்டும். விநாடிக்கு 478 ஜிபி. 4070இன் வேகம் 504 ஜிபி. மூச்சுத் திணறினாலும் கதவைத் தொட்டுவிடும். 4060இன் வேகம் 272 ஜிபி. நீங்கள் மாற்ற நினைக்கும் பழைய 1660 டிஐயின் வேகம் 288 ஜிபி. ஆம், இந்த ஒரு கணக்கில் 4060 உங்கள் பழைய கார்டைவிடச் சற்றுக் குறைவு. அதை ஈடுகட்ட 4060இல் 24 எம்பி எல்2 கேஷ் வைத்திருக்கிறார்கள், பழையதில் 1.5 எம்பிதான். 8-பிட் படம் 16.6 எம்பி என்பதால் பெரும்பகுதி அந்தக் கேஷில் அடங்கும், 4060 நன்றாகவே ஓடும். 66 எம்பி படம் அதில் அடங்காது, அப்போது குறுகலான பாதை வெளியே தெரியும். கேஷ் எந்தெந்த நோடில் எவ்வளவு கைகொடுக்கும் என்பதைத் தாளில் கணக்கிட முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம்: தேவையில்லாத இடங்களில் 32-பிட்டை 8 ஆகவோ 16 ஆகவோ மாற்றினால் எந்தக் கார்டிலும் போக்குவரத்து கால்வாசி அல்லது பாதி ஆகும். துகள்களின் இடத்தைச் சேமிக்கும் டெக்ஸ்சருக்கு 32-பிட் தேவை. மங்கலாக்கும் நோடுக்குத் தேவையில்லை. மங்கலாக்குவதிலும், 21க்கு 21 கட்டமாக ஒரே மூச்சில் செய்தால் ஒரு பிக்சலுக்கு 441 முறை படிக்க வேண்டும், கிடைமட்டமாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை என்று பிரித்தால் 42 போதும். நீங்களே எழுதிய ஷேடர் (கார்டில் ஓடும் சிறு நிரல்) இருந்தால் அங்கே பாருங்கள்.

நினைவகத்தின் கொள்ளளவு வேறு வகை. அது படிப்படியாகக் குறைக்காது. தீரும்வரை ஒன்றும் தெரியாது, தீர்ந்ததும் பள்ளத்தில் விழும். மேலே சொன்ன 60 நோடுகளும் தங்கள் படத்தை 32-பிட்டில் பிடித்துவைத்திருந்தால் அதற்கே 4 ஜிபி. உங்கள் 1660 டிஐயில் மொத்தமே 6. விண்டோஸும் மற்ற நிரல்களும் அதில் பங்கு கேட்கும். வழிந்தது சாதாரண ரேமுக்குப் போனால், 4070 போன்ற கார்டில் விநாடிக்கு 500 ஜிபி ஓடிய இடத்தில், கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதையின் 31.5 ஜிபிதான் ஓடும். 4060 அந்தப் பாதையின் 16 தடங்களில் 8ஐ மட்டுமே பயன்படுத்துவதால் அதற்கு அதிலும் பாதி. டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' காட்சி ஓடும்போது ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். போனால் காரணம் கிடைத்துவிட்டது.

அளவெடுக்கும் முறை பற்றியும் கொஞ்சம். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 59 ஃபிரேம்கள் தலா 16 மில்லி விநாடியில் முடிந்து ஒன்று மட்டும் 56 எடுத்தால், மொத்தம் சரியாக ஒரு விநாடி, சராசரி 60. திரையிலோ விநாடிக்கு ஒருமுறை வெட்டு. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் விமர்சகர்கள் ஃபிரேம் நேரங்களை ஒவ்வொன்றாகப் பதியத் தொடங்கினார்கள். இன்டெலின் இலவசக் கருவியான பிரசென்ட்மான் அதைச் செய்யும். சோதனையை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், ஏனென்றால் வெப்பம் ஏறியதும் கடிகாரம் இறங்கும். லேப்டாப்பில் இந்த இறக்கம் அதிகம். லேப்டாப் கார்டின் பெயரையும் நம்ப வேண்டாம்: மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் 16384 கோர்கள், 24 ஜிபி, அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 9728 கோர்கள், 16 ஜிபி.

நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் 7600எக்ஸும் 4070உம் உள்ளதைச் சொல்வேன். மைய த்ரெட் தடையாக இருந்தால் அது முதல் கணினியைவிட ஏழெட்டு சதவீதம் பின்தங்கலாம். நினைவகப் போக்குவரத்து தடையாக இருந்தால் ஏறக்குறைய 1.85 மடங்கு வரை முந்தலாம். இழப்பு சிறிது, ஆதாயம் பெரிது. நினைவகமும் 8க்குப் பதில் 12 ஜிபி. பல வீடியோக்களைப் ப்ராசஸரில் பிரித்து ஓட்டுவதே உங்கள் முக்கிய வேலையாக இருந்தால் மட்டும் இந்த முடிவு மாறும். நீங்கள் விவரித்த காட்சியில் அப்படி ஒன்றும் இல்லை.

அதற்கு முன் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மூன்று சோதனைகளையும் செய்து, திருப்பி எடுக்கும் நோடுகளையும் ஸ்கிரிப்ட்களையும் சரிசெய்த பிறகும் தடுமாறினால், அப்போது தடை கார்டுதான் என்று தெரிந்தால், இப்போதைய கணினியிலேயே 4070ஐ மட்டும் பொருத்தலாம். 8700இன் பாதை பழைய 3.0 தலைமுறை என்றாலும் 4070 16 தடங்களையும் பயன்படுத்துவதால் விநாடிக்கு 15 ஜிபிக்கு மேல் கிடைக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். 4060ஐ அங்கே பொருத்தினால் 8 தடங்களில் 8 ஜிபிகூட வராது. 4070க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் பவர் சப்ளை. உங்களுடையது அதற்கும் குறைவா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள், கார்டின் நீளத்துக்கு இடமிருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். பழைய கார்டைக் கழற்றும் முன் திருத்திய ஃபைலை இரண்டு புரொஜெக்டர்களுடன் அரை மணி நேரம் ஓட்டி, மிக மோசமான ஃபிரேம் எத்தனை மில்லி விநாடி என்று குறித்துவையுங்கள். அந்த எண் 16.67க்குக் கீழே வந்துவிட்டால் கார்டைக் கழற்றவே வேண்டாம்.